யாரும் வாசிக்காத வரியை வாசித்த சபூறா

கிழக்கிலங்கையின் சாய்ந்தமருதில் சபூறா வீடு எங்கே என்று கேட்டால், எந்தச் சபூறா என்று திருப்பிக் கேட்பார்கள். ரெத்தம் பாக்கிற சபூறா என்றால் போதும், கடற்கரைப் பக்கம் போகும் ஒழுங்கையைக் கைகாட்டி விடுவார்கள். நாற்பத்தேழு வயது. கரையோரத்து ஆஸ்பத்திரி ஒன்றின் ஆய்வுகூடத்தில் இருபத்திரண்டு வருஷமாக வேலை செய்கிறார். மருதமுனைக்கும் நிந்தவூருக்கும் இடையில், அவர் கைக்கு ஒரு துளி இரத்தமாவது போய்ச் சேராத குடும்பம் இருக்குமா என்பது சந்தேகம்.

இத்தனை பேருடைய இரத்தத்தைப் பார்த்தவர், யாரைப் பற்றியும் வாய் திறந்ததில்லை. கல்யாண வீட்டில் பக்கத்தில் வந்து குந்துவார்கள். சந்தையில் மறிப்பார்கள். "மிஸ், என்ட ரிப்போட்டுல என்னயும் கிடக்கா?" என்று காதுக்குள் கேட்பார்கள். "டொக்டருக்கிட்டக் காட்டுங்க, அவங்க செல்லுவாங்க" என்பதுதான் எல்லோருக்கும் ஒரே பதில். கணவர் சரீப்பின் மச்சானுக்குச் சீனி வருத்தம், அதாவது நீரிழிவு, வந்த செய்தி, மூன்று மாதம் கழித்துப் பள்ளிவாசலில் யாரோ சொல்லித்தான் சரீப்புக்குத் தெரிந்தது.

"ஒனக்குத் தெரிஞ்சிருக்கி. வீட்டுல ஒரு வார்த்த செல்லல்லையே" என்று அவர் கோபித்துக்கொண்டார்.

"அது அவர்ர ரெத்தம். என்ட இல்ல, ஒங்கடயும் இல்ல" என்றார் சபூறா.

அந்த வாய்க்கட்டு அவருக்குப் பெருமை. அதைவிடப் பெரிய பெருமை அவருடைய கண்.

அவர் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் ஆய்வுகூடத்தில் செல் எண்ணும் மெஷின் கிடையாது. கண்ணாடித் துண்டில் ஒரு சொட்டு இரத்தத்தை வைத்து, இன்னொரு கண்ணாடியின் விளிம்பால் மெல்லிதாக இழுத்துப் பரப்பி, காயவைத்து, ஊதாச் சாயம் ஊற்றிக் கழுவி, நுணுக்குக்காட்டிக்குக் கீழே வைத்துக் கண்ணால் பார்க்க வேண்டும். அங்கே செங்குழியங்கள் தெரியும். ஓரம் தடித்து நடுவில் வெளிறிய வட்டங்கள். சுகமான ஆளுடைய இரத்தத்தில் அவை கிட்டத்தட்ட ஒரே அளவாக இருக்கும். இரும்புச் சத்தோ விற்றமினோ குறைந்தால், அல்லது உடம்புக்குள் ஏதாவது நெடுநாளாகப் புகைந்துகொண்டிருந்தால், பெரிதும் சிறிதுமாகக் கலந்து கிடக்கும். அந்தச் சமனின்மையைச் சபூறா ஒரு பார்வையிலேயே பிடித்துவிடுவார்.

பிறகு மெஷின் வந்தது. ஒரு நிமிஷத்தில் எல்லாவற்றையும் எண்ணி, இருபது வரியில் ஒரு தாளை அடித்துக் கொடுத்தது. நோயாளிகள் படுத்திருக்கும் வாட்டில் அந்தத் தாளைக் கையில் எடுப்பவர்கள் மூன்று வரியைத்தான் பார்ப்பார்கள். இரத்தம் எவ்வளவு, வெள்ளை அணு எவ்வளவு, தட்டணு எவ்வளவு. மிச்ச வரிகளில் ஒன்றுக்கு ஆர்.டி.டபிள்யூ. என்று பெயர். செங்குழியங்களின் அளவு ஒன்றுக்கொன்று எவ்வளவு வித்தியாசப்படுகிறது என்பதை வீதத்தில் சொல்லும் எண் அது. பதினாலரைக்குக் கீழே நின்றால் பயமில்லை. மேலே ஏறினால் செல்கள் ஒரே அளவில் இல்லை என்று அர்த்தம். தன் கண் பார்த்துவந்த அதே விஷயத்தை மெஷின் எண்ணாகச் சொல்வதைக் கண்டு சபூறாவுக்குச் சந்தோஷமாக இருந்தது. அந்த வரியை வேறு யாரும் வாசிப்பதாகத் தெரியவில்லை.

இரண்டாயிரத்து இருபத்திரண்டில் எண்ணெய்க்கும் மருந்துக்கும் நாடே வரிசையில் நின்றபோது, மெஷினுக்கு ஊற்றும் திரவமும் தீர்ந்துபோனது. ஏழு கிழமை, ஒன்றரை மாதத்துக்கும் மேல், மெஷின் துணியால் மூடிக் கிடந்தது. சபூறா மேல் தட்டிலிருந்த பழைய நுணுக்குக்காட்டியை இறக்கித் துடைத்தார். பெற்றோல் இல்லாததால் சரீப்பின் சைக்கிளில் பின்னால் குந்தி வேலைக்கு வந்தார். ஒரு நாளைக்கு ஐம்பது, அறுபது கண்ணாடி. கழுத்து வலித்தது. கண்ணுக்குக் கீழே கறுத்தது. ஆனாலும் அவர் கையெழுத்து வைத்த எண்ணிக்கையை ஒரு வாட்டும் சந்தேகித்துத் திருப்பி அனுப்பவில்லை.

அந்த ஏழு கிழமையில்தான் ஒன்றைக் கவனித்தார். அவருடைய வழக்கம், முதலில் கண்ணாடியைப் பார்ப்பது, பிறகுதான் நோயாளியின் விவரம் எழுதிய துண்டை வாசிப்பது. இரத்தம் குறையாமலே செல்கள் பெரிதும் சிறிதுமாகக் கிடந்த கண்ணாடிகளைத் தனியாக ஒதுக்கினால், அவற்றோடு வந்த துண்டுகளில் "பாரிசவாதம்" என்ற சொல் அடிக்கடி வந்தது. கை கால் இழுத்தவர்கள், வாய் கோணியவர்கள், மூளைக்குப் போகும் இரத்தக் குழாய் அடைத்தவர்கள். முதலில் தற்செயல் என்று நினைத்தார். நாலாவது கிழமை, துண்டை வாசிக்க முன்னமே, இது பாரிசவாதமா இல்லையா என்று மனசுக்குள் சொல்லிப் பார்க்கத் தொடங்கினார். எல்லாம் சரிவரவில்லை. ஆனால் வெறும் ஊகத்துக்குச் சரிவரக்கூடியதை விடக் கூடுதலாகச் சரிவந்தது.

மெஷின் திரும்ப ஓடத் தொடங்கிய பிறகு இந்த நினைப்பு மெல்ல அடங்கியிருக்கும். கனகரெத்தினம் ஐயாவின் விஷயம் அதை அடங்க விடவில்லை.

கனகரெத்தினம் பாண்டிருப்பில் ஓய்வுபெற்ற தபாலதிபர். மாதத்துக்கு ஒருமுறை சீனி பார்க்க வருவார். இரத்தம் எடுக்கும் வாங்கில் இருந்தால், பின்னால் நிற்கும் வரிசை முழுவதும் அவர் கதையைத்தான் கேட்டுக்கொண்டு நிற்கும். எழுதத் தெரியாத பெண்களுக்குக் கட்டாருக்குக் கடிதம் எழுதிக் கொடுத்த கதை, சாவுத் தந்தி வந்தால் அழுகையை முதலில் தான் அழுதுவிட்டுப் போய்க் கொடுத்த கதை. அந்த வருஷம் கார்த்திகையில் அவருக்கு முழு இரத்தப் பரிசோதனையும் எழுதியிருந்தார்கள். இரத்த அளவு பிழையில்லை. ஆர்.டி.டபிள்யூ. பதினாறு தசம் ஒன்பது.

சபூறா அந்த எண்ணைப் பார்த்தார். கண்ணாடி இழுத்தும் பார்த்தார். ஏதாவது எழுதுவோமா என்று பேனையை எடுத்தார். எதை எழுதுவது? யார் கேட்டார்கள்? ரிப்போட்டை மடித்து உறையில் வைத்துக் கொடுத்துவிட்டார். "என்ன புள்ள, இன்னும் நாலு தீவாளி காண்பனா?" என்று ஐயா சிரித்துக்கொண்டே போனார்.

ஐந்து மாதம் கழித்து அவரைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். வலது பக்கம் விழுந்துவிட்டது. உயிர் தப்பியது, பேச்சு போய்விட்டது. வாட்டில் இரத்தம் எடுக்கப் போன சபூறாவை அவர் அடையாளம் கண்டு, எதையோ சொல்ல வாயைத் திறந்தார். "ஆ, ஆ" என்ற சத்தம் மட்டும் வந்தது. சபூறா கையைப் பிடித்து ஊசி குத்தினார், இரத்தம் எடுத்து முடிந்த பிறகும் அந்தக் கையை உடனே விடவில்லை.

நான் சொல்லியிருந்தால் இது நடந்திருக்காது என்று சபூறா நினைக்கவில்லை. அப்படி நினைக்க அவருக்குத் தொழில் இடம் தராது. அந்த எண் ஒரு வருத்தத்தின் பெயர் அல்ல என்பது அவருக்கு நன்றாகத் தெரியும். ஆனாலும், கண்டதைக் கண்டதாக ஒரு வரி எழுதுவதற்கு என்ன தடை இருந்தது என்று தன்னையே கேட்டுக்கொண்டார். அன்று மாலை கல்முனைக் கடையொன்றில் நூற்றறுபது பக்கக் கொப்பி ஒன்று வாங்கினார்.

கொப்பியில் யாருடைய பெயரும் கிடையாது. வயது, ஆணா பெண்ணா, இரத்த அளவு, ஆர்.டி.டபிள்யூ., என்ன வருத்தம். ஒரு பக்கத்தில் பாரிசவாதத்தோடு வந்தவர்கள். எதிர்ப் பக்கத்தில், ஒப்பிட்டுப் பார்க்க, அதே வயதில் கண் ஒப்பரேசனுக்கு வந்தவர்கள். இரத்தம் குறைந்தவர்கள் எண்ணைக் குழப்பிவிடக்கூடாது என்று அவர்களைப் பின்பக்கத்தில் வேறாக எழுதினார். மதியச் சாப்பாட்டு நேரத்தில் கால் மணித்தியாலம் இந்த வேலைக்கு. ஒன்பது மாதத்தில் கொப்பி முக்கால்வாசி நிரம்பியது.

அந்த நேரத்தில்தான் சுஜித்தா அந்த ஆஸ்பத்திரிக்கு வைத்திய நிபுணராக வந்தார். காரைதீவுப் பெண். கொழும்பில் படித்து, வெளிநாட்டில் பயிற்சி முடித்து, ஊர்ப் பக்கமே வேண்டும் என்று கேட்டு வந்தவர். வேகமாக நடப்பார், வேகமாகக் கதைப்பார். ஒரு புதன்கிழமை அவருடைய அறைக்கு வெளியே சபூறா கொப்பியோடு நின்றார்.

"டொக்டர், அஞ்சு நிமிசம் இரிக்கா?"

"சொல்லுங்க மிஸ். ரிப்போட்டில ஏதும் பிரச்சினையா?"

"பிரச்சினை இல்ல. ஒரு விசயத்தக் காட்டணும்."

சுஜித்தா கொப்பியைப் புரட்டினார். முதல் மூன்று பக்கத்தில் முகம் மாறவில்லை. "மிஸ், இது எல்லா வருத்தத்திலயும் கூடுற ஒண்டு. இரும்புச் சத்துக் குறைஞ்சாலும் கூடும், ஈரல் பழுதானாலும் கூடும்."

"தெரியும் டொக்டர். ரெத்தம் குறஞ்ச ஆக்களப் பின்னால வேறயா எழுதியிருக்கன். அவங்கள விட்டுட்டுப் பாருங்க."

சுஜித்தா பின்பக்கம் போனார், திரும்ப முன்பக்கம் வந்தார். கதிரையை இழுத்து வைத்துக்கொண்டார். ஐந்து நிமிஷம் அரை மணித்தியாலமானது. கடைசியில் கொப்பியை மூடாமலே கேட்டார்.

"இத ஆர் உங்களுக்குச் சொன்னது?"

"ஒருத்தரும் செல்லல்ல. கண்ணாடியில கண்டன். மறுகா எண்ணிப் பாத்தன்."

"மிஸ், இதப் பத்தி வெளிநாட்டில எழுதியிருக்காங்க. பத்துப் பதினஞ்சு வருசத்துக்கு முதலே. ஆயிரக்கணக்கான ஆக்கள வச்சுச் செய்திருக்காங்க. இந்த எண் கூடின ஆக்களுக்குப் பாரிசவாதம் வாற வாய்ப்பும் கூட எண்டுதான் கனபேர் கண்டிருக்காங்க. ஏன் எண்டதுதான் இன்னும் சரியாத் தெரியாது."

சபூறா "ஆ, அப்படியா" என்றார். கொப்பியை வாங்கிக்கொண்டு வந்துவிட்டார்.

அன்று வீட்டில் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார், சாப்பிடவில்லை. பாடசாலைக் காரியாலயத்தில் எழுதுவினைஞராக இருக்கும் சரீப்புக்கு மனைவியின் மௌனத்தை அளக்கத் தெரியும். காரணத்தைக் கேட்டு வாங்கினார். சபூறா சொல்லி முடித்து, "எல்லாம் முன்னயே கண்டு முடிச்சிட்டாங்க. நான் ஒம்பது மாசம் மினக்கெட்டது வீண்" என்றார்.

சரீப் தலையை ஆட்டி மறுத்தார். "அவங்களுக்கு எத்தின மெஷின், எத்தின ஆக்கள். நீ ஒரு கண்ணாடியும் ஒரு கொப்பியும் வெச்சிக்கிட்டு அவங்க போன இடத்துக்குத் தனியாப் போய்ச் சேந்திருக்காய். இதுல வீண் எங்க கிடக்கு?"

சபூறா நிமிர்ந்து பார்த்தார். அந்தக் கோணத்தில் அவர் நினைத்துப் பார்க்கவில்லை. உலகத்தில் எங்கோ யாரோ கண்டதும் தான் கண்டதும் ஒன்று என்றால், தன் கண் பிழைக்கவில்லை என்றுதானே அர்த்தம். சோற்றுக் கோப்பையைக் கிட்ட இழுத்தார்.

மறுநாள் சுஜித்தா தானாகவே ஆய்வுகூடத்துக்கு வந்தார். நிபுணர்கள் அங்கே வருவது அபூர்வம்.

"மிஸ், அவங்க எழுதினது அவங்கட ஆக்களப் பத்தி. எங்கட கரையில உள்ள ஆக்களப் பத்தி எழுதினத நான் காணல்ல. முறையாச் செய்வமா? ஒரு குறை இருக்கு. நீங்க எழுதினதெல்லாம் வருத்தம் வந்த பிறகு எடுத்த ரெத்தம். வருத்தத்தால எண் கூடினதா, முதலே கூடியிருந்ததா எண்டு ஆரும் கேட்டா என்ன சொல்றது?"

"முதல் எடுத்த ரெத்தத்தின்ட கணக்கும் இரிக்கி டொக்டர்."

"எங்க?"

சபூறா அவரைப் பின்பக்கத்துக் களஞ்சிய அறைக்கு அழைத்துக்கொண்டு போனார். கூரை வரைக்கும் அட்டைப் பெட்டிகள். மெஷின் வந்த நாளிலிருந்து அடித்த ஒவ்வொரு தாளின் பிரதியும், மாதவாரியாகக் கட்டி, மேலே தேதி எழுதி. இடம் போதாது, எரித்துவிடலாம் என்று நிர்வாகத்தில் இரண்டு தடவை சொன்னார்கள். இரண்டு தடவையும் சபூறா மறித்திருந்தார். ஏன் மறிக்கிறீர்கள் என்று கேட்டபோது, தேவைப்படும் என்பதைத் தவிர அவரால் வேறு காரணம் சொல்ல முடிந்திருக்கவில்லை.

சுஜித்தா பெட்டிகளை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். "நீங்க பெரிய ஆள்தான்" என்றார்.

பல்கலைக்கழகத்து ஒழுக்கவியல் குழுவிடம் அனுமதி வாங்க நாலு மாதம் சென்றது. பிறகு பதினொரு மாதம் இருவரும் சனிக்கிழமைகளைக் களஞ்சிய அறையில் கழித்தார்கள். தூசுக்குச் சுஜித்தாவுக்குத் தும்மல் வரும். சபூறா வீட்டிலிருந்து இடியப்பமும் மீன் சொதியும் கொண்டு வருவார். காரைதீவிலிருந்து கத்தரிக்காய்க் கறி வரும். நூற்றெண்பத்தாறு பாரிசவாத நோயாளிகள், அதே வயதும் பாலும் கொண்ட, பாரிசவாதம் வராத நூற்றெண்பத்தாறு வேறு ஆட்கள். அந்த நோயாளிகளில் அறுபத்திரண்டு பேர், வருத்தம் வருவதற்கு முந்திய ஒரு வருஷத்துக்குள் வேறு காரணத்துக்காக அதே ஆய்வுகூடத்தில் இரத்தம் கொடுத்திருந்தார்கள். அந்த அறுபத்திரண்டு தாள்களையும் பெட்டிகளிலிருந்து தேடி எடுத்தவர் சபூறா. பார்த்தால் கிட்டத்தட்டப் பாதிப்பேருக்கு எண் முன்னமே ஏறியிருந்தது. பாரிசவாதம் வராதவர்களில் ஐந்து பேருக்கு ஒருவர் என்ற அளவுதான். வயது, பிரஷர், சீனி, இரத்தக் குறைவு எல்லாவற்றையும் கழித்துப் பார்த்தபோது வித்தியாசம் சுருங்கியது, ஆனால் இல்லாமல் போகவில்லை.

வேலை முடியும் தறுவாயில், தை மாதத்தில், பக்கீர் வந்தார்.

பக்கீர் ஐம்பத்தெட்டு வயது மீனவர். குடலிறக்கத்துக்கு ஒப்பரேசன் செய்ய வேண்டும், அதற்கு முன் இரத்தம் பார்க்கச் சொல்லி அனுப்பியிருந்தார்கள். இரத்த அளவு நல்லாக இருந்தது. ஆர்.டி.டபிள்யூ. பதினேழு தசம் எட்டு. சபூறா கண்ணாடி இழுத்துப் பார்த்தார். ஒரே பார்வையில் பெரிதும் சிறிதும் தெரிந்தது. இந்தத் தடவை பேனையை எடுத்து யோசிக்கவில்லை. குறிப்பு எழுதும் கட்டத்தில், செங்குழியங்களின் அளவில் அதிக வேறுபாடு உண்டு, வைத்திய நிபுணர் பார்ப்பது நல்லது என்று எழுதிக் கையெழுத்து வைத்தார். எழுதிவிட்டு சுஜித்தாவுக்குத் தொலைபேசியில் கோல் எடுத்தார்.

"ஆளக் கூப்பிடுங்க மிஸ். நான் பாக்கிறன். காரணம் கேட்டா எண்ணப் பத்தியும் சொல்லுங்க, நான் சொல்லச் சொன்னன் எண்டு."

கூப்பிட்டால் ஆள் வரவில்லை. முதல் தடவை அவருடைய மனைவி உம்மு கோலை எடுத்து, கடலுக்குப் போய்விட்டார் என்றார். இரண்டாம் தடவையும் கடல்தான். மூன்றாம் தடவை, "அவருக்கு ஒண்டும் இல்லயாம், சும்மா சும்மா கூப்பிட வேணாமாம்" என்றார். ஒரு கிழமை போய்விட்டது.

வெள்ளிக்கிழமை பின்னேரம் அஸர் தொழுதுவிட்டுச் சபூறா கடற்கரைக்கு நடந்தார். தோணிகள் கரையேறிக் கிடந்தன. பக்கீர் மணலில் குந்தி வலையில் சிக்கிய பாசியைப் பிடுங்கிக்கொண்டிருந்தார். சபூறாவைக் கண்டதும் எழும்பினார்.

"என்ன மிஸ், கரைக்கு வந்திருக்கீங்க. மீன் வேணுமா?"

"மீன் வேணாம் காக்கா" என்று அண்ணன் முறை வைத்துச் சொன்னார் சபூறா. "நீங்கதான் வேணும். டொக்டர் மூணு தரம் வரச் செல்லிட்டாங்க."

"எனக்கு ரெத்தம் காணும், குறவில்ல எண்டு செல்லிட்டாங்க. மறுகா என்ன?"

"ரெத்தம் காணும். ஆனா ரெத்தத்துல உள்ள செல்லுகள் ஒரே அளவா இல்ல. டொக்டர் செல்லச் செல்லித்தான் இதையும் செல்றன்."

பக்கீர் சிரித்தார். "அளவா இல்லாட்டி என்ன? அது என்ன உடுக்கிற சாறனா, வெட்டித் தைக்கிறதுக்கு?"

சபூறா சிரிக்கவில்லை. அவருடைய வலையைக் காட்டினார். "ஒரே கூட்டத்துல சூடை மீன் வலையில பட்டா எப்பிடி இரிக்கும்?"

"எல்லாம் ஒரே அளவுல இரிக்கும்."

"ஒரு நாளைக்கு அதே இடத்துல வல போட்டா, விரலளவு ஒண்டு, முழங்கையளவு ஒண்டு, கண்டபடி கலந்து வருகுது. என்ன நினப்பீங்க?"

பக்கீர் பாசியைப் பிடுங்குவதை நிறுத்தினார். "கடல்ல என்னமோ மாறியிருக்கி எண்டு நினப்பன்."

"என்ன மாறினது எண்டு தெரியுமா?"

"பாத்தாத்தான் தெரியும். நீரோட்டமா இரிக்கலாம், வேற என்னயுமா இரிக்கலாம். ஒண்டுமில்லாமலும் இரிக்கலாம்."

"அதத்தான் நாங்களும் செல்றம். ஒண்டுமில்லாமலும் இரிக்கலாம். பாத்தாத்தான் தெரியும்."

பக்கீர் கடலைப் பார்த்தார், வலையைப் பார்த்தார். "திங்கக்கிழமை வாறன்" என்றார்.

"நாளைக்கு வாங்க. சனிக்கிழமையிலயும் டொக்டர் நிப்பாங்க, எனக்குத் தெரியும்."

சனிக்கிழமை காலை பக்கீர் வெள்ளைச் சட்டை போட்டு, உம்முவையும் கூட்டிக்கொண்டு வந்தார். சுஜித்தா அவருடைய மணிக்கட்டைப் பிடித்து நாடி பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு ஈசிஜி எடுக்கச் சொன்னார். தாள் நீளமாக வெளியே வந்தபோது சபூறா கதவருகில் நின்றார். கோடுகள் எப்படி இருக்க வேண்டும் என்று அவருக்கு அரைகுறையாகத்தான் தெரியும். ஆனால் இடைவெளிகள் ஒன்றுக்கொன்று சமனாக இல்லை என்பது அந்தக் கண்ணுக்கு உடனே பட்டது.

"காக்கா, உங்கட இதயம் தாளம் தப்பி அடிக்குது" என்றார் சுஜித்தா. "சில நேரம் நெஞ்சுக்குள்ள படபடக்கிறதா?"

"வல இழுக்கக்குள்ள படபடக்கும். வயசாகினா அப்பிடித்தானே எண்டு விட்டுட்டன்."

"இப்பிடி அடிச்சா இதயத்துக்குள்ள ரெத்தம் கட்டியாகும். அந்தக் கட்டி மூளைக்குப் போனா ஒரு பக்கம் இழுத்துப்போடும். கட்டியாகாம இருக்க ஒரு குளிசை தாறன். ஒரு நாளும் விடக்கூடாது. விற்றமினும் இரும்புச் சத்தும் குறைவா எண்டு பாக்க இன்னொருக்கா ரெத்தம் எடுக்கணும்."

உம்மு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார். வெளியே வந்ததும் சபூறாவின் இரண்டு கையையும் பிடித்தார். "மூணாந்தரம் எடுத்த கோலுக்கு, அவரக் கேக்காம நான்தான் மிஸ் மறுமொழி செல்லி வெச்சன். மன்னிச்சிக்கங்க."

"அதுக்கென்ன. ஆள் வந்துட்டார்தானே" என்றார் சபூறா. ஆய்வுகூடத்துக்குத் திரும்பும் நடைபாதையில் அவருடைய நடை வழக்கத்தைவிடக் கொஞ்சம் நிமிர்ந்திருந்தது. எதிரே வந்த தாதி ஒருவர், "என்ன மிஸ், வீட்டுல விசேசமா?" என்று கேட்டார்.

அந்த வருஷக் கடைசியில் மட்டக்களப்பில் மாகாண மருத்துவக் கூட்டம் ஒன்று நடந்தது. சபூறாவும் சுஜித்தாவும் செய்த ஆய்வையும் அங்கே முன்வைக்க எடுத்துக்கொண்டிருந்தார்கள். அனுப்பும்போது சுஜித்தா தன் பெயரை இரண்டாவதாகப் போட்டிருந்தார். முதலாவது எம்.ஐ. சபூறா. அதைத் திரையில் கண்டபோது சபூறா மறுத்தார். "டொக்டர், நீங்கதான் முதல்ல வரணும். அதுதான் முறை."

"முறை எனக்குத் தெரியும் மிஸ். கண்டு பிடிச்சது ஆர், பெட்டிகள எரிக்க விடாம வச்சிருந்தது ஆர்? நீங்கதான் போய்க் கதைக்கவும் வேணும்."

சரீப் அன்று லீவு போட்டார். புதுச் சேர்ட் போட்டுக்கொண்டு மண்டபத்தின் கடைசி வரிசையில் போய் உட்கார்ந்தார். குளிரூட்டிய மண்டபம், முன்னால் முழுக்கக் கோட்டுப் போட்ட ஆட்கள். நிகழ்ச்சியை நடத்தியவர் தாளைப் பார்த்து, அடுத்ததாக டொக்டர் சபூறா என்று ஆங்கிலத்தில் அழைத்தார்.

சபூறா மேடைக்கு ஏறினார். ஒலிவாங்கியைத் தன் உயரத்துக்குச் சரிசெய்தார். "ஒரு திருத்தம்" என்றார். "நான் டொக்டர் இல்ல. ஆய்வுகூடத் தொழில்நுட்பவியலாளர். இருபத்திரண்டு வருசம்."

 பின்வரிசைகளில், ஆய்வுகூடத்துக்காரர்கள் இருந்த பக்கம், கைதட்டல் எழும்பியது.

படங்களைக் காட்டி ஆங்கிலத்தில் கதைத்தார். பயிற்சி செய்திருந்ததால் தடுமாறவில்லை. கடைசியில் கேள்வி நேரம். முன்வரிசையில் நரைத்த நிபுணர் ஒருவர் எழும்பினார். இந்த எண்ணால் எத்தனை பாரிசவாதத்தைத் தடுத்தீர்கள் என்று சொல்ல முடியுமா என்று கேட்டார். கேட்ட விதத்தில் கொஞ்சம் கூர்மை இருந்தது. சுஜித்தா பதில் சொல்ல அரையாக எழும்பினார். சபூறா கையால் மறித்தார்.

"தமிழ்ல செல்லலாமா சேர்?"

"தாராளமாக."

"ஒண்டையும் தடுத்தன் எண்டு செல்ல ஏலாது. வராத வருத்தத்த எண்ணிக் காட்ட ஒரு மெஷினும் இல்ல. இந்த எண் மட்டும் பாத்து ஒருத்தருக்கும் வருத்தம் எண்டு செல்லவும் கூடாது. எண் கூடின கனபேர் நல்லா இரிக்காங்க. கூடாத ஆக்களுக்கும் பாரிசவாதம் வந்திருக்கி. நாங்க செல்றது இவ்வளவுதான். அந்தத் தாள் எப்பிடியும் அடிக்கப்படுகுது. அந்த வரி எப்பிடியும் அதுல கிடக்கு. புதுசா ஒண்டும் வாங்கத் தேவல்ல. எண் கூடியிருந்தா, ரெத்தம் குறவா, விற்றமின் குறவா, நாடி ஒழுங்கா அடிக்கா, பிரஷர் எப்பிடி எண்டு ஒருக்காப் பாருங்க. வாசிக்கத்தான் கேக்கிறம்."

நரைத்த நிபுணர் நின்றபடியே கேட்டுக்கொண்டிருந்தார். "இது நேர்மையான பதில்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். தேநீர் இடைவேளையில் அவரே தேடி வந்து, பழைய தாள்களை எப்படிக் கட்டி வைத்தீர்கள், எத்தனை பெட்டி, எலி கடிக்கவில்லையா என்றெல்லாம் விசாரித்தார். தங்களுடைய ஆஸ்பத்திரியில் எல்லாவற்றையும் எரித்துவிட்டதாகச் சொன்னபோது குரலில் உண்மையான கவலை இருந்தது.

சரீப் சற்றுத் தள்ளி நின்று, தன் பங்குக் கட்லட்டைக் கடிக்காமல் கையில் வைத்துக்கொண்டு, மனைவியையே பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் நின்ற யாரோ, "அவவ உங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டார்கள்.

"ஓம்" என்றார் சரீப். "எங்கட வீட்டு ஆள்."

ஆறு மாதம் கழித்து, அவர்களுடைய ஆஸ்பத்திரி வாட்டுகளுக்குச் சுஜித்தா ஒரு அறிவுறுத்தல் அனுப்பினார். முழு இரத்தப் பரிசோதனைத் தாளில் எந்தெந்த வரிகளைப் பார்த்துக் குறிக்க வேண்டும் என்ற பட்டியல். முன்பு மூன்று வரி இருந்த இடத்தில் நாலு வரி. அந்த நாலாவது வரிக்கு எதிரே, சந்தேகம் இருந்தால் ஆய்வுகூடத்தில் சபூறா மிஸ்ஸைக் கேட்கவும் என்று எழுதி, உள்ளகத் தொலைபேசி இலக்கத்தையும் போட்டிருந்தார். முதல் நாளே பதினான்கு கோல் வந்தது. அதில் ஒரு கோல் இரண்டாம் வாட்டிலிருந்து. புதிதாக வந்த டொக்டர் ஒருவர், தாளில் பதினாறு தசம் இரண்டு என்று இருக்கிறது, என்ன செய்யலாம் என்று கேட்டார்.

"தாள வெச்சிட்டு முதல்ல ஆள்ட நாடியப் பிடிச்சிப் பாருங்க டொக்டர்" என்றார் சபூறா. "நான் இப்ப கண்ணாடி இழுத்துப் பாத்துட்டுக் கோல் எடுக்கிறன்."